நமுத்துப்போன பேட்டரி

மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கப் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு செல்போன் வந்தது. யாரோ வைத்திருந்த பழைய போன். எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பத்து நிமிஷம்தான் தாங்கும். ஒயரைச் செருகிக்கொண்டே பேசக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். ஞாயிறு காலையில் மகள் விடுதியில் காசு போட்டுப் பேசும் போனிலிருந்து கூப்பிடுவாள். பெற்றவள் என்று நான் முந்திக்கொள்வேன். பேசி முடித்து அவர் கையில் கொடுக்கும்போது பேட்டரி செத்துவிடும். மூன்று வாரமாக அவர் மகள் குரலையே கேட்கவில்லை. "பரவாயில்ல" என்பாரே தவிர, அன்றைக்கு முழுக்க முகம் உர்ரென்று இருக்கும்.

அவர் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பாதுகாப்பு என்றால் அவரை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவர், நாலாவது வாரம் சனிக்கிழமை காலையில் பேட்டரியைக் கழற்றிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நமுத்துப்போச்சு. வெயில் காட்டினா சரியாயிரும்" என்றார். நமுத்த வெடியை அப்படித்தானே செய்கிறோம். பதினைந்து வருஷம் பட்டாசுக்கு லேபிள் ஒட்டிய எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மொட்டை மாடியில், சித்திரை வெயிலில், மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் பகலெல்லாம் காய்ந்தது.

சாயங்காலம் அவர் வேலைவிட்டு வந்து பார்த்தபோது மிளகாய் சுருங்கியிருந்தது, பேட்டரி உப்பியிருந்தது.

உடனே என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். கம்பெனியில் கழிவு மருந்தை எரிப்பதுபோல இதையும் பொட்டலில் வைத்துக் கொளுத்திவிடலாம் என்று தீப்பெட்டியைத் தேடினார். எனக்கு வந்ததே கோபம்.

"காயப் போட்டதுக்கே இம்புட்டு உப்பியிருக்கு. இதுல கொளுத்த வேற போறீகளாக்கும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு போனில் செல்போன் கடைக்காரரைப் பிடித்தேன். கடைக்காரர் பதறிப்போனார். எரிக்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், சூடு ஆறியதும் காய்ந்த மணலில் வைத்துக் கொண்டுவாருங்கள், பழைய பேட்டரிகளை மறுசுழற்சிக்கு எடுத்துப்போகும் ஆளிடம் நானே சேர்த்துவிடுகிறேன் என்றார்.

மணல் வாளியோடு சிவகாசி பஸ்ஸில் ஏறினோம். வாளியில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். இவருக்குப் பொய் வராது. செல்போன் பேட்டரி, உப்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். நாளெல்லாம் வெடிமருந்தை அளைந்துவிட்டு வந்த சனம் மடமடவென்று எழுந்து பின்பக்கம் போய்விட்டது. கடைசி நிறுத்தம் வரை முன்பக்கம் முழுக்க எங்கள் இரண்டு பேருக்குத்தான்.

மறுநாள் புதுப் பேட்டரி போட்டிருந்தோம். மணி அடித்ததும் போனை முதலில் அவரிடமே கொடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பேட்டரியை வெயிலில் வைக்காதே, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதே, உப்பினால் உடனே கழற்றிக் கடையில் கொடுத்துவிடு, தீயில் மட்டும் போட்டுவிடாதே. கம்பெனியில் புது ஆட்களுக்குப் பாடம் எடுப்பதுபோல ஒன்று விடாமல் சொன்னார். இத்தனைக்கும் அவளிடம் செல்போனே கிடையாது. ஊம் கொட்டிக்கொண்டிருந்தவளுக்குக் காசு தீர்ந்து போன் கட்டாகிவிட்டது.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றார். எனக்குப் பாவமாகிவிட்டது.

"பிள்ளைகிட்ட, எப்படிம்மா இருக்கேன்னு ஒரு வார்த்த கேக்கலையே" என்றார்.