கூட்டில்லாதெ வரில்ல

விஸ்வேஸ்வரன் மிகைப்படுத்துவார். மட்டாஞ்சேரி முழுக்கத் தெரிந்த விஷயம். மூன்று பேர் வந்த கூட்டத்தை "மக்கள் வெள்ளம்" என்று அறிக்கையில் எழுதியவர். ஆனால் போன டிசம்பரில் நடந்ததை மட்டும், எத்தனை தடவை கேட்டாலும், ஒரு சொல் சேர்க்காமல், ஒரு நிமிஷம் பிசகாமல் சொல்கிறார். நம்ப வேண்டியிருக்கிறது.

மனைவி அம்மிணிக்குப் பக்கவாதம். வலது பக்கம் செயலிழந்து இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடந்தாள். தூக்கி வைத்தால்தான் உட்காருவாள். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கார்னிவல் என்று வந்துவிட்டால் இவருக்குத் தினமும் ஒரு கமிட்டி, ஒரு மைக். அவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக மனசாட்சி உறுத்தியது. மனசாட்சியின் வாயை அடைக்க ஒரு நாய் போதும் என்று முடிவு செய்தார். "அநாதை ஜீவனுக்கு அடைக்கலம்" என்று முகநூலில் பதிவும் போட்டாயிற்று. நாய் அப்போது வீட்டுக்கே வந்திருக்கவில்லை.

நாய் நகரின் மறுகோடியில், வைட்டிலாவில் இருந்தது. பெயர் குஞ்ஞி. வளர்த்தவர் இறந்துபோனதால், அவருடைய தம்பி மகள் சுபாஷிணி தத்துக் கொடுக்க ஆள் தேடினாள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அவசரத்தில் அவளுக்கு மலையாளம்தான் வரும். குரல்செய்தி அனுப்பினாள்: "கூட்டில்லாதெ அவள் வரில்ல, மாமா."

மலையாளிகளுக்கே மலையாளம் திருத்துகிறவர் விஸ்வேஸ்வரன். கூட்டில் அடைத்தால்தான் வரும் என்று அர்த்தம் செய்துகொண்டு, பெரிய இரும்புக் கூண்டோடு போய் இறங்கினார். சுபாஷிணி கூண்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவர் செல்ஃபிக்கு நின்றுவிட்டார்.

டிசம்பர் 24. மாலை 6.40. பூட்டைத் திறந்து உள்ளே வந்தார். கட்டிலில் அம்மிணி இல்லை. முன்னறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் தொங்கிய காகித நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் குஞ்ஞி.

"யாருடி உக்கார வச்சா?"

"ஒருத்தர் வந்தார்."

"யாரு?"

"தெரியலை. உங்களைப் போலப் பேசிண்டே இருக்க மாட்டார். நல்ல மனுஷன்."

மருந்து மயக்கம் என்று தீர்ப்பெழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

26ஆம் தேதி. 6.25. அம்மிணிக்குத் தலை வாரிப் பின்னியிருந்தது. இறுக்கமான, ஒழுங்கான பின்னல்... ஒற்றைக் கையால் போட முடியாத பின்னல்.

28ஆம் தேதி. 6.10. பூட்டில் சாவியை வைக்கும்போது உள்ளே செருப்புச் சத்தம். சரக்... சரக்... கதவைத் திறந்ததும் நின்றது. குஞ்ஞி வெறும் சுவரோரத்தை அண்ணாந்து பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் உயரத்துக்கு அண்ணாந்து.

பக்கத்து வீட்டு ஜலீலாவிடம் ஓடி, அந்தக் குரல்செய்தியைப் போட்டுக் காட்டினார்.

"கூண்டுக்குக் 'கூடு'ன்னுதானே சார் சொல்லுவாங்க. இது கூட்டு. துணை. துணை இல்லாம அது வராதுன்னு சொல்லியிருக்கு அந்தப் பொண்ணு." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நாப்பது வருஷமா இங்கதானே இருக்கீங்க?"

அடுத்த இரண்டு நாள் அவர் வெளியே போகவில்லை. நாய் போனால் துணையும் போய்விடும் என்று கணக்குப் போட்டார். 31ஆம் தேதி மாலை 4.30க்கு அம்மிணியிடம் சொல்லிக்கொண்டு, கதவைப் பூட்டி, குஞ்ஞியோடு வைட்டிலாவுக்குப் புறப்பட்டார். நாய் முரண்டு பிடிக்கவில்லை. கூண்டே தேவைப்படவில்லை.

சுபாஷிணி கதவைத் திறந்தாள். நாயைப் பார்த்தாள். நாய்க்குப் பின்னால் பார்த்தாள்.

"தனியாவா வந்தது?"

"ஆமாம்."

"அப்போ பெரியப்பா?"

அவர் திரும்பித் தான் வந்த வழியைப் பார்த்தார்.

"பெரியம்மாவும் கிடப்பிலதான் இருந்தா, மாமா. அஞ்சு வருஷம் பெரியப்பாதான் பாத்துண்டார். அவர் போனப்புறமும்... பெரியம்மாக்கு யாரோ தலை பின்னி விட்டுண்டே இருந்தா. எட்டு நாள். அப்புறம் அவளையும் கூட்டிண்டு போயிட்டார்."

மணி 6.05.

வீட்டுக்குப் போன் போட்டார். போன் இருந்தது மேஜை மேல், அம்மிணிக்கு எட்டாத இடத்தில்.

மூன்றாவது முறை மணியடித்ததும் எடுக்கப்பட்டது.

சரக்... சரக்...

பிறகு அம்மிணியின் குரல். தெளிவாக. "நீங்க மெதுவா வாங்கோ. நாங்க கிளம்பறோம்."

7.20.

பூட்டு பூட்டியபடியே இருந்தது.

அம்மிணி நாற்காலியில் இருந்தாள். பின்னல் புதிது. உடம்பு ஜில்லிட்டிருந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் பிரிந்தது பகல் மூன்று மணிக்கு முன்னால் என்றார். விறைப்பைப் பார்த்தால் சந்தேகமே இல்லையாம்.

நாலரைக்குக் கிளம்பும் முன் விஸ்வேஸ்வரன் அவள் கட்டிலருகே நின்று பத்து நிமிஷம் பேசியிருந்தார்.

அவள் ஏதாவது பதில் சொன்னாளா... அது மட்டும் அவருக்கு நினைவில்லை.