குடைக்குள் ஒரு தேரை

எதிர்மனையில் புதுக் கட்டடத்துக்குக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். முதல் மழையிலேயே அது நிரம்பிவிட்டது. சாயங்காலம் கொடியிலிருந்து துணி எடுக்கப் பால்கனிக்கு வந்தபோது அந்தச் சத்தம் எழுந்தது. ஒன்று தொடங்க, இன்னொன்று மறுக்க, பிறகு குழி முழுக்க ஒரே வாதம். செம்பூரில் இத்தனை சுவர்களுக்கு நடுவே எங்கிருந்து வந்தன இந்தத் தவளைகள்? பாதி ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். என் வலது கை தானாகக் குவிந்துகொண்டது. அதற்கும் வயதாகிவிட்டது, ஆனால் மறக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு ஜூன். நான் மெட்ரிக் தேறியிருந்தேன். எந்தக் கல்லூரி என்று என்னை யாரும் கேட்கவில்லை. மாட்டுங்காவிலேயே, எங்கள் கட்டடத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒன்று இருந்தது. பெண்ணுக்கு ஆர்ட்ஸ் போதும் என்றார் அப்பா. சேர்த்துவிட்டார். புதுச் செருப்புக்குச் செலவழித்த யோசனையில் பாதிகூட அதற்குச் செலவாகவில்லை.

முதல் வாரம் தர்க்க வகுப்பு. மனிதர்கள் அனைவரும் இறப்பவர்கள் என்று ஆசிரியர் பலகையில் எழுதினார். ஒரு பழைய கிரேக்க ஞானியின் பெயரைப் போட்டு, அவர் ஒரு மனிதர் என்று அடுத்த வரி. ஆகவே அவரும் இறப்பவர். பெஞ்சு பெஞ்சாகப் பேனாக்கள் குனிந்தன. என் பேனா குனியவில்லை. எப்படி இறந்தார்? எது முதலில் நின்றது, மூச்சா, நாடியா? நின்ற பிறகு உள்ளே என்ன நடந்தது? எழுந்து கேட்டுவிட்டேன். அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. அது தர்க்கத்தின் வேலை அல்ல, அதற்கு வேறு கல்லூரி இருக்கிறது என்றார்.

அந்த வேறு கல்லூரி கோட்டைப் பக்கம், ரயிலில் போகவேண்டிய இடம். சயன்ஸ் உண்டு, உயிரியல் உண்டு, பெண்களும் படிக்கிறார்கள். மறுநாள் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தேன். மாத முடிவுக்குள் மாறிக்கொள்ளலாம், அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் ஒப்பந்த நகல்களைச் சரிபார்க்கிறவர். ஒரு சொல் நகர்ந்திருந்தாலும் அவர் கண்ணில் படும். வேண்டாம் என்று அவர் எதற்குமே சொன்னதில்லை, நிபந்தனை போடுவார். அன்றைக்கும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"அங்கே தவளையை அறுக்கச் சொல்லுவா. நீ கரப்பான் பூச்சியைக் கண்டா கட்டில் மேல ஏறறவ. முதல்ல ஒரு தவளையைக் கையால பிடிச்சுண்டு வந்து காட்டு. அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்திருப்பார். அடுக்களையிலிருந்து அம்மா தன் பங்குக்கு, தவளை தொட்ட கை அடுப்புப் பக்கம் வரக்கூடாது, குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வருகிறது, சாயங்காலம் உனக்கு யார் குளிக்க வார்ப்பது என்று அடுக்கினாள். மாடி வீட்டு மாமி படியிறங்கிப் போகிற போக்கில் ஒன்று போட்டாள். "பொண்ணு பாக்க வரவாளுக்கு அந்தக் கையாலதானே டீ காப்பி குடுப்பே?"

குடுப்பேன் மாமி, அதைக் குடிக்கிறவன்தான் எனக்கு வேணும் என்றேன். மாமி அதைக் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை. மத்தியானம் வரை கொட்டிய மழை நின்றிருந்தது. அப்பா அரைநாள் ஆபீஸ் முடிந்து வந்து படுத்திருந்தார். தவளையை எதில் கொண்டு வருவது? பாத்திரம் எடுத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், அந்தப் பாத்திரம் திரும்ப வீட்டுக்குள் வரவும் முடியாது. யாரும் கேள்வி கேட்காமல் வாசல் தாண்டக்கூடிய ஒரே பொருள் அப்பாவின் கறுப்புக் குடை. எடுத்தேன்.

கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டி வடாலாப் பக்கம் போனால் அப்போது வெற்று நிலம். புல், சேறு, தேங்கிய நீரில் கலங்கிய வானம். காற்று திரும்பும்போதெல்லாம் தாராவியில் தோல் பதனிடுகிற வாடை வந்து போயிற்று. கல்லோரம் ஒன்று உட்கார்ந்திருந்தது. குதிக்கவில்லை. என்னைப் பார்த்ததா, பார்க்கவில்லையா, தெரியாது. கண்ணை மூடிக்கொண்டால் பிடிக்க முடியாது என்பதால் திறந்தே வைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் சொரசொரவென்று ஒரு குளிர்ச்சி. அவ்வளவுதான். மடக்கிய குடைக்குள் அதைப் போட்டு, வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கூடத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் குடையை விரித்தேன். தொப்பென்று விழுந்தது.

அப்பா காலைத் தூக்கிக்கொண்டார். அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள், பாலக்காட்டு மழையில் வளர்ந்தவளுக்கு ஒரு பார்வை போதும். "ஐயோ, இது தவளையா? தேரைன்னா இது. தேரை மோந்த தேங்காயையே நாம வாங்கமாட்டோம், இது பொண்ணு கையைன்னா மோந்திருக்கு."

அப்பாவின் கால் கீழே இறங்கியது. முகத்தில் ஆபீஸ் களை வந்துவிட்டது.

"நான் சொன்னது தவளை. இது தேரை. நிபந்தனை பூர்த்தியாகலை."

நான் குனிந்து, தேரையை வெறுங்கையால் மறுபடி எடுத்தேன். கட்டில் மேல் ஏறவில்லை என்பதை இருவரும் பார்த்தார்கள்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியலைப்பா. அது தெரிஞ்சவா இருக்கற எடத்துக்குத்தான் போகணும்கறேன். இருங்கோ, இதை விட்டுட்டுத் தவளையோட வரேன்."

படியிறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. குடை கையில் இருந்தும் விரிக்க முடியாது, உள்ளே தேரை. நனைந்துகொண்டே நடந்தேன். சர்க்கிள் தாண்டியதும் பின்னால் தண்ணீரில் காலடிச் சத்தம். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் செய்தித்தாளைப் பிடித்தபடி அப்பா. திரும்பி வா என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நடையை வேகமாக்கினேன். அவரும் வேகமாக்கினார்.

எடுத்த கல்லோரத்திலேயே தேரையை விட்டேன். பிறகு தண்ணீரில் இறங்கினேன். தவளை தேரை மாதிரி இல்லை. வழுக்கியது, எகிறியது, என்னைச் சேற்றில் உட்கார வைத்தது. அப்பா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று கைக்குள் சிக்கியது. குவித்த கையோடு மேலே ஏறி, விரலைச் சற்று விலக்கிக் காட்டினேன்.

நகல் படிக்கிற மாதிரி அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். ஊறிய செய்தித்தாள் எப்போதோ நழுவிவிட்டது. தவளையின் தொண்டை அடித்துக்கொண்டே இருந்தது.

"மூச்சு விடறதா, பயப்படறதா?"

"தெரியலைப்பா."

வெகுநேரம் பார்த்தார். பிறகு தவளையைத் தண்ணீரில் விட்டேன். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டியதும் மைக்கூட்டைத் தேடினார், கையெழுத்தைப் போட்டார். ஈரக்கையால் போட்டதில் கடைசி எழுத்து சற்று ஊறிப் பரவியது.

புதுக் கல்லூரிக்குப் போன முதல் நாள் காலையில், எங்கள் நடைக்கோடியில் இருந்த பொதுக் குளியலறை வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர் மூடி வைத்திருந்தது. சாயங்காலம் நான் வந்து குளிக்க. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு காப்பி ஆற்றினாள்.

அப்பாவும் நானும் ஒரே ரயிலில் போனோம், அவர் அவருடைய பெட்டியில், நான் பெண்கள் பெட்டியில். போரிபந்தர் ஸ்டேஷனில் இறங்கிக் கூட்டத்தோடு வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. அவர் ஆபீஸ் ஒரு பக்கம், என் கல்லூரி இன்னொரு பக்கம். நான் நகரப்போனேன். அப்பா குடையை நீட்டினார். உங்களுக்கு வேண்டாமா என்றேன். பக்கம்தான், ஓடிடுவேன் என்றார். விரிப்பதற்கு முன் நான் அதை ஒருமுறை உதறியதைப் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை. ஒப்பந்தத்தில் விட்டுப்போன வரியைச் சேர்க்கிற குரலில் சொன்னார்.

"சாயங்காலம் திருப்பிக் குடுக்கறச்சே உள்ளே ஒண்ணும் இருக்கப்படாது, கேட்டயா."