சிலேட்டுக் குச்சி வைத்த வெடிப்பு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. கட்டடக்கலை படித்த காலத்தில் நான் ஒரு கோழிக்கூடுகூடக் கட்டியதில்லை. ஆனால் நன்றாக நின்றுகொண்டிருந்த ஒரு பாடசாலையை மூட வைத்திருக்கிறேன். அதற்குச் சுத்தியலோ அலவாங்கோ தேவைப்படவில்லை. மூன்று வரி எழுதினேன். அந்த மூன்று வரிக்கு வகுப்பிலேயே அதிக மார்க்ஸும் வாங்கினேன்.

அப்பாவுக்குக் கண்டி டவுனில் ஒரு பாத்திரக் கடை. மகன் ஆர்க்கிடெக்ட் ஆகப் போகிறான் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதனால் சோற்றுப் பானை வாங்க வந்தவர்களெல்லாம் என்னைப் பிடித்து, அடுப்படி எந்த மூலையில் வரணும், வாசல் எந்தப் பக்கம் பார்க்கணும் என்று கேட்பார்கள். எனக்கோ வடக்கு எது என்பதே போனைப் பார்த்துத்தான் தெரியும். "அது சைட்டப் பொறுத்தது அங்கிள்" என்று தாடையைத் தடவிக்கொண்டு சொல்வேன். தடவுவதற்கு அங்கே அப்போது பெரிதாக ஒன்றும் முளைத்திருக்கவில்லை.

மூன்றாம் வருடத்தில் ஒரு பெரிய வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஓர் ஊரின் பாடசாலையை எடுத்து, பொழுது சாய அந்த ஊர்ச் சனமே கூடும் இடமாகவும் அதைப் புதிதாக வடிவமைக்க வேண்டும். எங்கள் படிப்பில் இடத்துக்குப் பிரச்சினை இருந்தால்தான் மாணவனுக்கு மதிப்பு. என்னோடு படித்த ஒருத்தி அக்குறணையை எடுத்தாள். மழைக்குக் கடைத்தெருவுக்குள் ஆறு வந்துவிடுகிற ஊர், அவளுக்குப் பிரச்சினைக்குக் குறைவில்லை. நான் பொறாமையில் இரண்டு நாள் வெந்துவிட்டு, தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையைப் பிடித்தேன். தோட்டம் என்றால் மார்க்ஸ் விழும் என்பதுதான் காரணம். எழுதும்போது இதைவிட நல்ல காரணம் ஒன்று ஞாபகம் வருகிறதா என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் ஏறிப் போனால் பாடசாலை. ஒரே நீள மண்டபம், கருங்கல் சுவர், தகரக் கூரை. ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்பும் அதற்குள்தான். நடுவில் நிறுத்திய கரும்பலகைகள்தான் தடுப்பு. மூன்றாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது நாலாம் வகுப்பு சிங்களப் பாட்டுப் பாடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு முழுவதும் மனப்பாடம். ஏழாம் வாய்ப்பாடுதான் பாடமில்லை.

அதிபர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே மண்டபத்தில் படித்து, அங்கேயே அதிபராகவும் வந்தவர். தோட்டமே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

"என்ன வேணும் டீச்சர்? மனசு விட்டுச் சொல்லுங்க" என்றேன், அடுத்த வாரம் சீமெந்து லொறியோடு வரப்போகிறவன் மாதிரி.

"ஒரு செவுரு தம்பி. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. அப்புறம் பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு கக்கூஸ்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? பன்னண்டு வருசமா கேக்குறேன்."

என் முகம் விழுந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். ஒரு சுவருக்கும் ஒரு கக்கூஸுக்கும் யார் மார்க்ஸ் போடுவார்கள்?

அளவு எடுக்கும்போது டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டு வந்தார். சுவரோரமாக நடந்தபடியே தன் கவலையையும் சொன்னார். பிள்ளைகள் வருடா வருடம் குறைகிறார்கள். கீழே ரோட்டோரம் இருக்கும் பாடசாலையோடு இதைச் சேர்த்துவிடலாம் என்று கல்விப் பணிமனையில் மூன்று தடவை சொல்லிவிட்டார்கள்.

"பெரிசுங்க எப்பிடியும் எறங்கிப் போயிருங்க. இந்த ஒண்ணும் ரெண்டும், அட்டையிலயும் மழையிலயும் அம்புட்டுத் தூரம் எறங்கி ஏறுமா? தாய் தகப்பன் வெடியக்காலையே கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருவாங்க. அதுங்க வீட்டுலயே நின்னுரும் தம்பி. நான் இத எப்பிடியாச்சும் தொறந்து வச்சிருக்கணும். எனக்கு வேற வேலையே இல்ல."

ஒரு ஜன்னலுக்குக் கீழே, கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவில், கையகல நீளத்தில் ஒரு வெடிப்பு. நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு டீச்சர் சிரித்தார்.

"அதா? அது நான் ஒண்ணாம் வகுப்பு படிக்கிறப்பவே இருந்திச்சு. சிலேட்டுக் குச்சிய அதுக்குள்ளதான் சொருகிட்டுப் போவோம். வீட்டுக்குக் கொண்டு போனா என் தங்கச்சி தின்னுருவா."

நானும் சிரித்தேன். அதைப் படமும் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரிக்குத் திரும்பியதும் விரிவுரையாளர் என் அறிக்கையைப் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். இந்தக் கட்டடம் நன்றாகத்தானே நிற்கிறது, இதை ஏன் இடிக்க வேண்டும்? அவர் கேட்டது நியாயமான கேள்வி. இடிக்காவிட்டால் புதிது வரைய முடியாது. புதிது வரையாவிட்டால் நான் பாஸ் பண்ண முடியாது. வீட்டுக்கு வந்து போனில் இருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே போனதில் அந்த வெடிப்பு கண்ணில் பட்டது. இழுத்துப் பெரிதாக்கி, கொஞ்சம் கறுப்பேற்றி, ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டேன். பூமி பிளந்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே எழுதினேன்:

கட்டடத்தின் பிரதான சுவரில் பாரதூரமான வெடிப்பு காணப்படுகின்றது. கட்டடம் எந்நேரமும் இடிந்து விழக்கூடிய நிலையில் உள்ளது. மாணவர் பாவனைக்கு உகந்ததல்ல.

குச்சிக் கதையை எழுதவில்லை.

பழையதை வரைபடத்தில் புள்ளிக்கோடாக்கி, அதன் மேல் என் கனவைக் கீறினேன். சுவரில்லாத வகுப்பறைகள். நாலு பக்கமும் தேயிலை தெரியும், காற்றும் மூடுபனியும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும். மாலையில் தோட்டத்துச் சனம் கூடி நிற்க அகலப் படிகள். வெள்ளை அட்டையில் மாடல் செய்ய மூன்று வாரம் ஆனது. அதற்குள் நிறுத்திய காகித மனிதர்களை இணையத்தில் எடுத்து வெட்டியிருந்தேன். அதனால் என் தோட்டத்தில் நெட்டைக் கால் வெள்ளைக்காரர்கள் உலாவினார்கள். ஒருத்தி நாயைப் பிடித்திருந்தாள். இன்னொருத்தன் சறுக்குப் பலகையில் நின்றான். கொழுந்துக்கூடையோடு ஒருவர்கூட இல்லை. மார்க்ஸ் போட வந்தவர்கள் அதைப் பார்த்து உருகிப்போனார்கள். இடிப்பதற்கான காரணம் மிகத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று தனியாகப் பாராட்டவும் செய்தார்கள்.

என் பெரிய மனசைக் கேளுங்கள். அறிக்கையைத் தமிழில் ஆக்கி, நண்பன் ஒருவனைப் பிடித்துச் சிங்களத்திலும் ஒரு பக்கம் எழுதி வாங்கி, சுருள் கம்பி போட்டுக் கட்டி, டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவருக்கும் கக்கூஸுக்கும் கேட்டு அவர் பணிமனைக்கு எழுதும் கடிதத்தோடு சேர்த்து அனுப்ப.

டீச்சர் படத்தை நேராகவும் தலைகீழாகவும் வைத்துப் பார்த்தார்.

"செவுரு எங்க தம்பி?"

"செவுரே கெடையாது டீச்சர். அதுதான் ஐடியா."

"மழ?"

"மழையும் ஒரு அனுபவந்தானே டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டியவர் வெடிப்பில் வந்து நின்றார். உதடு அசையாமல் மூன்று வரியையும் படித்தார்.

"எந்நேரமும் விழும்னு போட்டிருக்கீங்களே தம்பி?"

"அப்பிடிப் போட்டாத்தான் டீச்சர் மேல இருக்கிறவங்க அசைவாங்க."

"இது விழாதே."

"எனக்குத் தெரியும் டீச்சர். நீங்க பயப்படாம அனுப்புங்க."

பன்னிரண்டு வருடம் கடிதம் எழுதிக் களைத்தவர். அதுவரை அவர் அனுப்பிய எதற்கும் சுருள் கம்பி போட்டிருக்கவில்லை. படித்த பிள்ளை சொல்கிறதே என்று நினைத்திருப்பார். அனுப்பிவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. நான் அப்போது வீட்டு மாடியில் உட்கார்ந்து வேறொரு கனவைக் கீறிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, மேல இருக்கிறவங்க அசைஞ்சிட்டாங்க" என்றார்.

"பாத்தீங்களா டீச்சர்!" என்று கத்தினேன்.

பிறகு சொன்னார். காலையில் பணிமனையிலிருந்து இரண்டு பேர் என் அறிக்கையோடு வந்தார்கள். வெடிப்பு எங்கே என்று கேட்டார்கள். அவர்தான் காட்டினார். குச்சிக் கதையையும் சொல்லிப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளை வெளியே எடுக்கச் சொல்லி, மண்டபத்தைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து மேலே படிக்கிறவர்கள் கீழேயுள்ள பாடசாலைக்கு. சின்னவர்களுக்கு இப்போதைக்கு, தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவம்.

அடுத்த நாளே பணிமனைக்கு ஓடினேன். தோட்டப் பாடசாலைகளுக்குப் பொறுப்பானவர் யாழ்ப்பாணத்துக்காரர். கதிரை போட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி சொல்லிவிட்டு, என் அறிக்கையை மேசையில் விரித்தார்.

"இது நீர் எழுதினதோ?"

"ஆமா சேர். ஆனா அது விழாது சேர்."

"எந்நேரமும் விழும் எண்டெல்லோ போட்டிருக்கிறீர்."

"அது மார்க்ஸுக்காகப் போட்டது சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சரி. அப்ப விழாது எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாரும்."

"நான் ஸ்டூடன்ட் சேர். என் கையெழுத்து செல்லாது."

"விழும் எண்டதுக்குச் செல்லும், விழாது எண்டதுக்குச் செல்லாதோ?"

முன்னால் தேத்தண்ணி இருந்தது. அதைக் குடித்தேன்.

"இஞ்ச பாரும் தம்பி. நாளைக்கு ஒரு கல்லுக் கழண்டு ஒரு பிள்ளையின்ர தலையில விழுந்தால், இந்தப் பேப்பரை வைச்சுக்கொண்டு நான் என்ன சொல்லுறது? இது கையில இல்லாட்டிக் கீழ்ப் பள்ளியோட சேர்க்கிறதை இன்னும் ரெண்டு வருசம் இழுத்தடிச்சிருப்பன். அந்த ரீச்சரில எனக்கும் மரியாதை." கோப்பை மூடும்போது மனம் கேட்காமல் இன்னொன்றும் சொன்னார்: "ஆனாப் படம் நல்ல வடிவாக் கீறியிருக்கிறீர்."

விரிவுரையாளரிடம் போனேன். கட்டடம் உறுதியானது என்று ஒரு கடிதம் தாருங்கள் சேர், உங்கள் கையெழுத்துச் செல்லும் என்றேன். நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லையே, பார்க்காத கட்டடத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். பார்க்காத கட்டடத்தை இடித்ததற்குத்தானே சேர் மார்க்ஸ் போட்டீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் அடுத்த வருடமும் அங்கேதான் இருந்திருப்பேன். ஏதாவது ஒரு வாரம் வந்து பார்க்கிறேன் என்றார். அந்த வாரம் இன்னும் வரவில்லை.

படிப்பு முடிகிற சமயம், பழைய மாடல்களை எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும் என்று அறிவித்தார்கள். என் வெள்ளைப் பாடசாலையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தெல்தோட்டைக்குப் புறப்பட்டேன். எதற்காகப் போனேன் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. வெறுங்கையோடு போகப் பயமாக இருந்திருக்கலாம்.

பக்கத்து சீட் அம்மா மாடலை உற்றுப் பார்த்தார். "என்ன தம்பி, கோயிலா?"

"பள்ளிக்கூடம்மா."

"அழகா இருக்கே. எங்க கட்டுறாங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் நான் வாந்தி எடுக்கப் போவதாக நினைத்து ஒரு தோடம்பழம் தந்தார்.

பழைய மண்டபம் பூட்டியபடியே நின்றது. இரண்டு பெருமழைக் காலம் பார்த்தும் ஒரு தகரம்கூட அசையவில்லை. அதைத் தாண்டிப் போனால் மடுவம். நாலு தூணும் ஒரு கூரையும். நாலு பக்கமும் தேயிலை தெரிந்தது. மூடுபனி உள்ளே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தது. நான் கீறியதை யாரோ எனக்குச் சொல்லாமலே கட்டி முடித்துவிட்டார்கள் போலிருந்தது.

பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். நான் போன நேரம் கொழுந்து வந்தது. டீச்சர் கையைத் தட்ட, பிள்ளைகள் கொப்பிகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக எழுந்து நின்றார்கள். பெண்கள் சாக்குகளை இறக்கினார்கள், தராசு ஆடியது, பெயர் கூப்பிட்டு நிறை எழுதினார்கள். நின்ற வரிசையில் ஒரு பிள்ளை தன் தாயைப் பார்த்துக் கையாட்டியது. அரை மணி நேரம். சாக்குகள் லொறியில் ஏறியபின் டீச்சர் ஈரத்தைக் கூட்டித் தள்ளினார். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். மழை சாரலடிக்க, மறுபடி எழுந்து நடுவுக்கு நகர்ந்தார்கள். மழையும் ஒரு அனுபவம் என்று நான் சொன்னதை டீச்சர் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

"வாங்க தம்பி" என்றார். "இந்த வருசத்தோட இதுவும் இல்லையாம். கடுதாசி வந்திருச்சு."

"இந்தப் புள்ளைங்க?"

அவர் ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கித் துடைத்தார். நான் வழக்கம்போலப் பல்லைக் காட்டினேன். பிறகு, நனையாமல் இருக்கப் போட்டிருந்த பொலித்தீனைப் பிரித்து மாடலை இரண்டு கையாலும் நீட்டினேன். நாயைப் பிடித்திருந்த வெள்ளைக்காரி வழியிலேயே விழுந்துவிட்டிருந்தாள்.

"டீச்சர், இத ஸ்கூலுக்கு வச்சிக்கங்க."

டீச்சர் அதைப் பார்த்தார். திரும்பி மடுவத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எங்க வைக்கிறது?"