எங்கள் சுறா

ஒரு சுறாவுக்காகப் புது வலையை அறுத்தவர் எங்கள் குப்பத்திலேயே என் அப்பா ஒருவர்தான். வலையில் மாட்டியது திமிங்கலச்சுறா. பெயர்தான் பயமுறுத்தும், தண்ணீரை வடிகட்டிப் பொடி மீன்களைத் தின்று பிழைக்கிற சாது. படகில் கூட இருந்தவர்கள் புதுப்பட்டினம் கரை வரும்வரை அப்பாவைத் திட்டினார்களாம்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, இந்தச் சுறாக்களைக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தாள். வலையில் மாட்டினால் விடுமுன் இடப்பக்கம் செவுளுக்குப் பின்னால் போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தாள், அப்பாவும் எடுத்து அவளுக்கு அனுப்பினார். ஒன்றின் வெள்ளைப் புள்ளிகள் இன்னொன்றுக்கு இருக்காது, அதை வைத்தே எது எதென்று சொல்லிவிடலாம். அதன்பின் அப்பா அத்தையைப் பார்க்கும்போதெல்லாம், வெளியூருக்குப் போன பிள்ளையை விசாரிப்பதுபோல, நம் சுறா எங்கேயாவது தென்பட்டதா என்று கேட்பார்.

அப்போது எனக்கு ஆறு வயது. அப்பாவும் அத்தையும் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் ஒரு திமிங்கலச்சுறா கரையில் ஒதுங்கியது. உயிர் இருந்தது. நாலு படகு சேர்ந்து இழுத்திருந்தால் ஆழத்துக்குப் போயிருக்கும். அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது. கயிறுதான் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவின் தம்பி, என் மாமா, என்னைத் தூக்கி அதன் முதுகில் உட்காரவைத்தார். காலுக்கடியில் ஏதோ அசைந்தது. சொன்னேன்.

"அதுக்கு இன்னா? நீ சிரி," என்றார்.

சிரித்தேன். மத்தியானத்துக்குள் அது செத்தது. ஜேசிபி வந்து மணலில் புதைத்துவிட்டுப் போனது.

சாயங்காலம் திரும்பிய அத்தை மாமாவின் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். என் முகம் திரையைவிட்டுப் போனது, காலும் போனது, புள்ளிகள் மட்டும் நின்றன. தன் போனிலிருந்த படத்தைப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"நம்மளுதுதாண்ணா."

அப்பா மாமாவிடம் கேட்டது ஒன்றுதான்: "உசுரு இருந்துச்சா?"

செத்துத்தான் ஒதுங்கியது என்று மாமா கூசாமல் சொன்னார். விஷயம் தெரிந்த பெருமையில் நான் முந்திக்கொண்டேன்.

"இல்லப்பா, மூச்சு வுட்டுகினு இருந்துச்சி."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். படத்தில் நான் எவ்வளவு அழகாகச் சிரித்திருக்கிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று அன்று எனக்கு எல்லோர் மேலும் கோபம்.