அஞ்சலையின் தோள்பட்டை வழக்கு

1

பாகூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு கேஸைச் சொல்கிறேன். அதைக் கெடுக்கப் பார்த்தவர்களில் முதல் ஆள் நானே.

அபிஷேகப்பாக்கம் அஞ்சலைக்கு ஒரு சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை. கொரோனா சமயத்தில் கம்பெனியே பணம் கட்டி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியை வரவழைத்து, கேன்டீனில் எல்லோருக்கும் ஊசி போட வைத்தது. மற்றவர்களுக்கு இரண்டு நாள் வலி. அஞ்சலைக்கு நாலு மாதம் கழித்தும் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பெட்டியை ரேக்கில் ஏற்ற முடியாதவள் வேலைக்கு எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் ஆபீசுக்கு வந்தவள் வலது கையால் இடது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள், அடுத்த வீட்டுக் குழந்தையை உட்கார வைப்பதுபோல.

"ஆஸ்பத்திரில போய்க் கேட்டேண்ணா. 'ஊசின்னா வலிக்காம இனிக்குமா? வாயுவா இருக்கும், பூண்டு சாப்புடு'ன்றாரு மேனேஜரு. அது இன்னா வாயுண்ணா, ஊசி போட்ட கையாப் பாத்துப் புடிக்குது?"

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த மேனேஜருக்கு வந்திருந்தால் பூண்டோடு விட்டிருப்பாரா?

2

ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் நோட்டீஸை நான்தான் தயார் செய்தேன். 'தங்கள் மருந்தின் விஷத்தன்மையால் என் கட்சிக்காரரின் கை செயலிழந்தது.' எழுதிவிட்டு இரண்டு முறை படித்து ரசித்தேன். சீனியர் வக்கீல் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார்.

பதில் வந்தது. மருந்து அரசு அனுமதி பெற்றது. அதே குப்பியிலிருந்து போட்டுக்கொண்ட மற்ற ஒன்பது பேரும் நலம். முடிந்தது கதை. கத்தியைத் தீட்டி அவர்கள் கையிலேயே கொடுத்திருந்தேன்.

பிறகுதான் அஞ்சலையை எலும்பு டாக்டரிடம் அனுப்பினோம். ஸ்கேனைப் பார்த்து அவர் எழுதிக் கொடுத்தார்: மருந்தில் கோளாறு இல்லை, ஊசி சதையில் இறங்காமல் மேலே தோள் மூட்டில் இறங்கியிருக்கிறது.

"எந்த எடத்துலம்மா குத்துனாங்க?" என்று அப்போதுதான் கேட்டேன். தோள் எலும்புக்கு ஒரு விரல் கீழே தொட்டுக் காட்டினாள்.

"அவ்ளோ மேலயா?"

"ஜாக்கெட் கை டைட்டுண்ணா, மேல ஏறல. ஹூக்க கழட்டுன்றாங்க. எதிர்ல லோடுமேனுங்க வரிசையா நிக்கிறானுங்க, ஒரு மறைப்பு கெடயாது. கழட்டுவனா? நர்சு பொண்ணு கழுத்துப் பக்கமா ஜாக்கெட்ட இழுத்துட்டு, தெரிஞ்ச எடத்துல குத்திட்டுது."

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"நீ எங்கண்ணா கேட்ட? நீ பாட்டுக்கு வெசம் வெசம்னு எழுதிக்கினு இருந்த."

3

நுகர்வோர் ஆணையத்தில் மனுவை இப்படிப் போட்டோம்: குறை மருந்தில் அல்ல, போட்ட இடத்தில்.

ஆஸ்பத்திரி வக்கீல் அலட்டிக்கொள்ளவில்லை. "ஜாக்கெட் கையை மேலே மடித்துவிட்டு, புரொசிஜர்படிதான் போட்டோம்" என்றார்.

ஆனால் தற்பெருமைக்கு மருந்து ஏது? முகாம் நடத்திய பெருமையை ஆஸ்பத்திரியே தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டோவாகப் போட்டிருந்தது. அதில் ஒன்றில் நாற்காலியில் அஞ்சலை, தோளிலிருந்து இழுபட்ட ஜாக்கெட், மேலே ஊசி. பின்னால் ஆஸ்பத்திரி பெயரோடு சுவர் அகலத்துக்கு ஒரு பேனர். பிரின்ட் எடுத்து, அந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான் என்ற சான்றுரையோடு தாக்கல் செய்தோம்.

ஆணைய உறுப்பினர் அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பேரு போட இவ்ளோ துணி இருந்துது. பொம்பளைங்களுக்கு மறைப்பு கட்ட நாலு முழம் இல்லையா?"

"கூட்டம் ஜாஸ்திங்க மேடம்..."

"அதனாலதான் மறைப்பு வேணும்."

நஷ்டஈடும் பிசியோதெரபி செலவும் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. அதன் நகலைப் பார்த்ததும் கம்பெனிக்குத் திடீரென்று மனிதாபிமானம் பொங்கி, அஞ்சலையை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றியது. கை இப்போது காதுவரை எழும்புகிறது. அதற்குமேல் வராது என்கிறார் டாக்டர்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, கட்சிக்காரர் வந்ததும் பேனாவைத் திறக்காதீர்கள். என்ன நடந்தது, எப்படி உட்கார்ந்திருந்தார், எதிரே யார் நின்றார்கள் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்காமல் விஷத்தை ரசித்துக்கொண்டிருந்த மாதங்களில் பிசியோதெரபி தொடங்கியிருந்தால், அந்தக் கை இன்னும் கொஞ்சம் மேலே போயிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். அதை நான் இன்னும் அஞ்சலையிடம் சொல்லவில்லை.