இடஞ்சுழிக் கூடை

இடக்கைப் பழக்கத்தால் ஊருக்கு அவள் நொட்டாங்கை. வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தாயிற்று, கட்ட வேண்டியவன் வந்து சேரவேயில்லை. தம்பி வீட்டுப் பின்கட்டில், தண்ணீர்க் குழாய்க்கும் விறகுக் குவியலுக்கும் நடுவே உட்கார்ந்து நாணல் கூடை பின்னியே நாற்பத்தைந்து வயதைத் தொட்டுவிட்டாள். கூடைகள் தம்பி பெண்டாட்டியின் பெயரில் விற்பனைக்குப் போயின.

கைவினைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தபோதுதான் அந்தப் பாவி நெஞ்சில் ஓர் ஆசை முளைத்தது. தேர்வாகும் பெண்ணுக்குப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியை வேலை. தங்க ஓர் அறை. உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளக் கூடிய அறை!

சோதித்துப் பார்க்க அதிகாரியம்மாள் வந்தாள். கூடத்தில் தம்பி பெண்டாட்டி முகம் நிறையப் பவுடருடன் அமர்ந்து, திக்கித் திணறி அடிவட்டம் போட்டாள். அது கூடையாகுமா குருவிக்கூடாகுமா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அதிகாரியம்மாள், முன்பு இவர்கள் கழகத்துக்கு அனுப்பியிருந்த கூடையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, இது இடப்பக்கமா சுத்துது. நீ வலப்பக்கமா சுத்துற. இது வேற ஆள் கையாச்சே?"

தம்பி முந்திக்கொண்டான். "அது வந்து மேடம், மனசு சரியில்லாதப்ப அவளுக்கு அப்படித் திரும்பிடும்."

கதவருகே நின்ற நொட்டாங்கையின் கால்கள் தாமாக உள்ளே நடந்தன.

"நான் பின்னினதும்மா. முப்பது வருஷமா எல்லாமே நான் பின்னினதுதான்."

"அண்ணி! போய் அடுப்பப் பாருங்க!" என்று சீறினாள் தம்பி பெண்டாட்டி.

"அடுப்பு எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். இடக்கை நாணலைத் தொட்டதும் அது சொன்ன பேச்சுக் கேட்டது. அரை மணி நேரத்தில், ஊசி நுழையாத நெருக்கத்தில் கூடை எழும்பியது. அதிகாரியம்மாளின் கண்கள் கலங்கின.

"இப்படி ஒரு கைய நான் பார்த்ததே இல்லம்மா."

அந்த நிமிடமே நொட்டாங்கை மனசுக்குள் அந்த அறைக்குக் குடிபோய்விட்டாள். ஜன்னலைக்கூடத் திறந்துவிட்டாள்.

"ஆனா என்ன பண்றது?" என்றாள் அதிகாரியம்மாள். "இந்த வட்டாரத்துக் கூடைன்னா வலஞ்சுழின்னு புத்தகத்துல போட்டிருக்கு. நீங்க சொல்லிக் குடுத்தா அத்தனை பொண்ணுங்களும் தலைகீழா பின்னுவாங்க. அப்புறம் பாரம்பரியம் என்ன ஆகுறது?"

"ஒரு மாசம் குடுங்கம்மா. வலக்கையில பழகிக்கிறேன்."

"இந்த வயசுலயா?"

பரிவோடுதான் கேட்டாள். பரிவோடுதான் தம்பி பெண்டாட்டியின் பெயரை எழுதினாள். "கை முரடுதான், ஆனா போற திசை சரியா இருக்கு."

கார் தெருமுனை திரும்புவதற்குள் வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. வகுப்பு தொடங்கப் பத்து நாள். மாதிரிக்கு வைக்க இருபது வலஞ்சுழிக் கூடைகள் வேண்டும்.

தம்பி கயிற்றோடு வந்து அக்காவின் இடது மணிக்கட்டைக் குழாயோடு சேர்த்துக் கட்டினான்.

"பழகிடும்க்கா. கொஞ்ச நாள்தான்."

வலக்கை நாணலை எடுத்தது. நாணல் நழுவி விழுந்தது. அவளை அறியாமல் இடக்கை அதைப் பிடிக்கத் துடித்து எழுந்தது.

"பாருங்க, இன்னும் ஆடுது" என்றாள் தம்பி பெண்டாட்டி.

அவன் குனிந்து இன்னொரு முடிச்சுப் போட்டான்.