பெருமாள்சாமிக்கு வராத நம்பர்

காக்ஸ் டவுனில் யூஜினைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. நேற்றுக் குடிவந்தவர்கள், காது கேட்காதவர்கள். தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று யாராவது அறிமுகம் செய்து வைத்தால் அவருக்கு முகம் சுண்டிவிடும். அது வயிற்றுப்பாட்டுக்குப் பார்த்த வேலை. தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வதென்றால், மாதா கோயில் திருவிழாவில் ஹவுசி விளையாட்டுக்கு நம்பர் கூப்பிடுகிறவர்.

ஹவுசி ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆளுக்கொரு சீட்டு, அதில் சில நம்பர்கள். மேடையில் ஒருவர் துணிப்பைக்குள் கையை விட்டு நம்பர் எழுதிய காயை எடுத்துக் கூப்பிடுவார். சீட்டில் எல்லா நம்பரையும் முதலில் அடித்து முடித்தவருக்குப் பரிசு. ஆனால் யூஜின் கூப்பிடுகிற அழகே தனி. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொள்வார், கள்ளத்தனம் இல்லையென்று ஊருக்குத் தெரிய வேண்டுமே. முகத்தைக் கூரைக்குத் தூக்கி, கண்ணை மூடி, பையைக் குலுக்கி, ஒரு காயை எடுத்து உயரக் காட்டுவார். "அறுபது! பென்ஷன் வாங்குற வயசு!" என்று அவர் முழங்கினால் தெருக்கோடி டீக்கடையில் கிளாஸ் அதிரும்.

அவர் நேர்மையைப் பற்றிச் சந்தேகப்பட்ட ஒரே ஜீவன் மௌரீன் டீச்சர். கணக்கு டீச்சர், ரிட்டயர்டு. என்றோ ஒரு திருவிழாவில் அவர் "ஹவுஸ்!" என்று கத்தியபோது, சீட்டைச் சரிபார்த்த யூஜின் ஒரு நம்பர் இன்னும் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். போனது ஒரு பிரஷர் குக்கர். அன்றிலிருந்து டீச்சர் எல்லா ஹவுசிக்கும் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காயையும் தன் கண்ணால் பார்த்து "செக்டு" என்று சொன்ன பிறகுதான் ஆட்டம் நகரும். போலீஸ் ஸ்டேஷனில் கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது.

யூஜினின் மனைவி ஆஞ்சலாவுக்கு வேறு வருத்தம். அவர் ஒரே ஒரு நம்பருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போதெல்லாம், கட்டின புருஷன் அந்த நம்பரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துப் போடுவார். யூஜினுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த அந்த மே மாதம், திருவிழாவும் இல்லை, ஹவுசியும் இல்லை. கோயில் ஹாலில் தடுப்பூசி போட்டார்கள். போனில் பதிவு செய்தவர்களுக்குத்தான் முதல் இடம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் கண் சிமிட்டுவதற்குள் எல்லா இடத்தையும் பிடித்துவிட்டு, ஊரின் மறுகோடியிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். காக்ஸ் டவுன் எங்கே இருக்கிறதென்று மேப்பில் தேடி வந்தவனுக்கு ஊசி, காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் கைவிரிப்பு. இது என்ன நியாயம் என்று தெரு முழுக்கப் பேச்சு.

பதிவு செய்தவர்களில் சிலர் வரமாட்டார்கள். அன்றன்றைக்கு மிஞ்சுகிற அந்தச் சொற்ப ஊசிகளை நேரில் வருகிறவர்களுக்குப் போடலாம் என்று நர்ஸ் வீணா சொன்னாள். சொன்னதுதான் தாமதம், மறுநாள் விடிவதற்குள் ஹால் வாசலில் இடம் போட்டுவிட்டார்கள். செருப்பு, செங்கல், ஹெல்மெட், ஓட்டை வாளி. ஒரு புண்ணியவான் வீட்டு நாயைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். நாய் பக்கத்திலிருந்த செருப்பைக் கடித்துக் குதறியதில், அந்த இடம் செருப்புக்காரருடையதா இல்லையா என்று சண்டை மூண்டு, சட்டை கிழிந்தது.

"அங்கிள், இப்படியே போனா நான் ஊசிப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்," என்றாள் வீணா. "ஸ்வல்ப ஏதாவது மாடி, கொஞ்சம் ஏதாவது செய்யுங்க."

யூஜின் யோசிக்கவே இல்லை. வீட்டுக்குப் போய்த் துணிப்பையோடு திரும்பினார். "ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துடு மேன். அத்தனை காயும் பைக்குள்ள போடுவோம். எத்தனை ஊசி மிஞ்சுதோ அத்தனை காய் எடுப்பேன். பணக்காரன், ஏழை, முதல்ல வந்தவன், கடைசில வந்தவன் எல்லாரும் பைக்குள்ள ஒண்ணுதான்."

கூட்டம் கைதட்டியது. மௌரீன் டீச்சர் மட்டும் நாற்காலியை இழுத்து முதல் வரிசையில் போட்டுக்கொண்டார். டீச்சர் எப்போதோ ஊசி போட்டு முடித்தவர்தான். ஆனால் யூஜின் கையில் பை இருக்கிற இடத்தில் தான் இல்லாமல் எப்படி?

அந்த முதல் நாள்தான் யூஜின் பெருமாள்சாமியை மறுபடி பார்த்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் இடையே ஆறடி இடைவெளி என்றால், அவனைச் சுற்றி மட்டும் ஒரு லாரியைத் திருப்பலாம். இடுகாட்டில் குழி வெட்டுகிறவன். ஏப்ரலிலிருந்து அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் மண்வெட்டியைக் கீழே வைக்க நேரமில்லை.

யூஜினால் அவனை மறக்க முடியாது. அவருடைய அண்ணன் பெர்னார்ட் ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லோரும் இடுகாட்டு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். யூஜினும்தான். உள்ளேயிருந்து பெருமாள்சாமிதான் குரல் கொடுத்தான். "சார், பெரியவர் பேரு இன்னா? பேரைச் சொல்லி மண்ணு போட்டாத்தான சார் மரியாதை." அங்கிருந்தே பெயரைக் கத்திச் சொன்ன யூஜினுக்கு அன்றுதான் தன் குரல் தனக்கே பிடிக்காமல் போனது.

"உனக்கெல்லாம் முதல்லயே போட்டிருக்கணுமே?" என்று கேட்டார் இப்போது.

"முன்களப் பணியாளர்னு லெட்டர் வேணுமாம் சார். கான்ட்ராக்டரைக் கேட்டா, 'உன்னை வேலைக்கு வெச்சதா நான் எங்கயும் எழுதலையே'ன்றாரு. தெனம் குழி வெட்டுறேன், ஆனா பேப்பர்ல நான் இல்ல." சிரித்தான். "வீட்டுலயும் நான் இல்ல சார். ஊசி போடாம வாசப்படி மிதிக்காதன்னு எம் பொண்டாட்டி சின்னத்தாயி சொல்லிட்டா. பாப்பாவுக்கு வீசிங் இருக்கு இல்ல? இடுகாட்டு ரூம்லயேதான் படுக்கை. அவ சோத்துத் தூக்கை மூங்கில் கழியில மாட்டி மதில் மேல நீட்டுவா. நேத்து குழம்பு பாதி என் தலையில."

"கவலைப்படாதே. பை பொய் சொல்லாது," என்றார் யூஜின்.

பை பொய் சொல்லவில்லைதான். ஆனால் பெருமாள்சாமியைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் பேக்கரிக்காரருக்கு வந்தது, அவருடைய மச்சானுக்கு வந்தது, ஊசியே வேண்டாம், சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்றவருக்கும் வந்தது. பெருமாள்சாமி ஒவ்வொரு நாளும் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன் சார், மூணு பாடி வெயிட்டிங்" என்று கிளம்பிப் போனான். கோபித்துக்கொண்டிருந்தால் கூட யூஜின் தேவலை என்றிருப்பார்.

முதன்முறையாக அவருக்குத் தன் பை மேல் எரிச்சல் வந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு, சரி. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆபத்தா? உதாரணத்துக்கு அவர் பெற்ற பிள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷெர்வின் கால் சென்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். அறையை விட்டு வெளியே வருவதே சாப்பாட்டுக்குத்தான், அதுவும் பிரியாணி என்றால்தான். கொரோனாவே முயற்சி செய்தாலும் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அவனையும் ஆஞ்சலா காலரைப் பிடித்து இழுத்து வந்து, தினமும் நம்பர் வாங்கி உட்கார வைத்திருந்தார்.

நான்காம் நாள் வந்தது. ஷெர்வினின் சீட்டில் நம்பர் பதினெட்டு. பெருமாள்சாமியின் சீட்டில் நாற்பத்தேழு, அதை யூஜின் கேட்டே தெரிந்துகொண்டார். மிஞ்சியிருந்த ஊசிகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசி ஒன்று நின்றது. யூஜின் சட்டைக் கையைச் சுருட்டினார், முகத்தைத் தூக்கினார், கண்ணை மூடினார். வழக்கமாக மனதை வெறுமையாக வைத்துக்கொள்வார். அன்று மாதாவிடம் ஒரு நம்பரைச் சிபாரிசு செய்தார்.

எடுத்தார். கண்ணைத் திறந்தார். பதினெட்டு.

மாதா ஆஞ்சலாவின் பேச்சைக் கேட்டுவிட்டார்.

காயைக் கைக்குள் மூடிக்கொண்டார். குரல் பழக்கப்பட்ட குதிரை, அது பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. "நாப்பத்தேழு! சுதந்திரம் வந்த வருஷம்!"

பெருமாள்சாமி எழுந்திருக்கவே இல்லை. "சார், இன்னொரு தபா பாருங்க," என்றான் பின்னாலிருந்து. "நானா இருக்காது."

யூஜினுக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. "எழுந்து வா மேன்!" என்றார்.

"ஒன் மினிட், மிஸ்டர் யூஜின்." மௌரீன் டீச்சர் எழுந்துவிட்டார். "காயைக் காட்டலையே நீங்க."

முப்பது வருஷ நேர்மை உள்ளங்கையில் வேர்த்து நனைந்தது. வேறு வழியில்லை. கிட்டே போய், வேறு யாருக்கும் தெரியாதபடி உள்ளங்கையை விரித்தார். டீச்சரின் கண்ணாடியில் மாஸ்க்கின் ஆவி படிந்திருந்தது. கழற்றினார். புடவைத் தலைப்பால் ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார், மாட்டினார். காயைப் பார்த்தார். திரும்பி, சீட்டைக் கூடப் பார்க்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்த ஷெர்வினைப் பார்த்தார். அப்புறம், காலி நாற்காலிகளின் நடுவே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த பெருமாள்சாமியைப் பார்த்தார்.

வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் பொய்க் கணக்கைக் கண்டுபிடித்தவர். யூஜின் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாப்பத்தேழு," என்றார் டீச்சர், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "செக்டு."

உட்காருவதற்கு முன் குரலைத் தாழ்த்தி, "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் ஒழுங்கா நம்பர் கூப்பிட்டிருக்கீங்க," என்றார்.

பெருமாள்சாமி பிணத்துக்குப் பயப்படாதவன், ஊசியைப் பார்த்ததும் வீணாவின் மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று அலறினான். போட்டு முடித்ததும் கையைத் தேய்த்துக்கொண்டே யூஜினிடம் வந்தான். கும்பிடுவான், தடுக்க வேண்டும் என்று யூஜின் தயாராக நின்றார். அவன் கும்பிடவில்லை.

"சார், அங்க என்னோட இன்னும் நாலு பேரு வேலை செய்றாங்க," என்றான். "என்னை விட லக் கம்மி அவனுங்களுக்கு. நாளைக்குக் கூட்டினு வரட்டா?"

பொய் சொல்லி ஒருவனைக் கரையேற்றிய சந்தோஷம் யூஜினுக்கு அரை மணி நேரம் கூட நிற்கவில்லை. நாலு பேருக்கும் நாலு பொய் சொல்வதா? அப்புறம் டயாலிசிஸ் செய்துகொள்கிற தையல்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் என்று வரிசையாக வருவார்களே, எத்தனை காயை மறைப்பது?

"கூட்டிட்டு வா," என்றார்.

வீட்டில் அன்று ஆஞ்சலா தட்டை வைத்த சத்தத்திலேயே சாப்பாட்டின் ருசி தெரிந்துவிட்டது. "உங்க கையில நம்ம வீட்டு நம்பர் மட்டும் வராதே," என்றார். யூஜின் ரசத்தை உறிஞ்சிக் குடித்தார்.

மறுநாள் காலை அவர் பையில்லாமல் ஹாலுக்குப் போனார். வீணாவிடம் ஏதோ பேசினார். அவள் தலையாட்டினாள். பெருமாள்சாமி தன் ஆட்கள் நாலு பேரையும் கொண்டுவந்து வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தான், வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், முழங்கால் வரை செம்மண்.

"இன்னிக்கு ஹவுசி கிடையாது," என்றார் யூஜின். "முதல்ல இவங்க நாலு பேரு. அப்புறம் யாருக்கு அவசரமோ அவங்க."

முணுமுணுப்பு கிளம்பியது. ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்த ஒரு பையன் எழுந்தான். "அங்கிள், பையில எடுத்தா எல்லாருக்கும் சமம்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப நீங்களா ஆளைப் பொறுக்குறீங்க. இது நியாயமா?"

யூஜின் ராத்திரியெல்லாம் யோசித்த வாதங்கள் ஒன்று கூட நாக்குக்கு வரவில்லை. வாயில் வந்ததைக் கேட்டார்.

"ஏப்ரலுக்கு அப்புறம் வீட்டுல யாரையாவது அடக்கம் பண்ணவங்க கை தூக்குங்க."

முதலில் அவருடைய கைதான் மேலே போனது. அடுத்து மௌரீன் டீச்சருடையது. அவருக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பது பலருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறகு பேக்கரிக்காரரின் பெண், சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருப்பவர், ஆஞ்சலா. ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. ஹெல்மெட் பையன் நாலு பேரின் கால்களையும் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனும் கையைத் தூக்கினான்.

எல்லோரும் நாற்காலிகளை இழுத்து வழிவிட்டார்கள். நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, ஹாலின் தரையில் மண் உதிருமே என்று அடிமேல் அடி வைத்து, வீணாவின் மேஜைக்குப் போனார்கள்.